மார்க்கெட் பக்கத்தில் ஒரு கிழவன்: ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டுக்குப் போன கதை

பாண்டிச்சேரிக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஈ.சி.ஆர் ரோட்டைப் பிடித்தால் மூன்று மணி நேரம், கடற்கரையில் ஒரு நடை, அப்புறம் வெள்ளை நகரத்து வீதிகளில் காகிதப்பூ கொத்தாகத் தொங்குகிற ஏதாவது ஒரு மஞ்சள் சுவராகப் பார்த்து அதன் முன்னால் ஒரு போட்டோ. அப்படி எடுத்ததில் ஒன்று இரண்டு வருஷம் என் வாட்ஸ்அப் முகப்பில் இருந்தது. 'முன்னூறு வருஷத்துப் பிரெஞ்சுச் சுவர்' என்று கூடவே எழுதி வேறு வைத்திருந்தேன்.

அதைப் பார்த்துச் சிரித்தவர் என் நண்பனின் அப்பா. பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் அவரிடம் படித்ததில்லை, ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, நீங்க சாஞ்சு நின்னு போட்டோ எடுக்கிற சுவரெல்லாம் இந்த ஊர்ல சின்னப் பசங்க. கிழவன் மார்க்கெட் பக்கத்துல நிக்கிறான், அவன யாரும் பாக்கிறதில்ல" என்றார்.

கிழவன் என்று அவர் சொன்னது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பாண்டிச்சேரியைப் பற்றித் தமிழில் நாட்குறிப்பு எழுதினாரே, அவர்தான். 1738-ல் கட்டி முடித்த வீடு என்பார்கள். அதற்கும் வெள்ளை நகரத்துக்கும் என்ன வயசு வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, காபி ஆறிப்போகும் வரை வகுப்பு நடந்தது. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். பிடித்ததோடு விடவில்லை. கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள், வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதியை ஒழுங்காக வேலைத் திட்டம் போட்டதைப் போல இடித்துத் தள்ளினார்கள். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை, 1765-ல் ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. வந்து பார்த்தால் கல்லும் மண்ணும்தான். கவர்னர் லா டி லொரிஸ்டன் காலத்தில் முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். ஆகவே நாம் பார்க்கிற வெள்ளை நகரம் 1765-க்கு அப்புறம் வந்தது, பல வீடுகள் அதற்கும் ரொம்பப் பிந்தியவை. பிள்ளை காலத்துப் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸ் ஆசை ஆசையாகக் கட்டிய கவர்னர் மாளிகை பத்து வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த பிள்ளை கட்டிய வீடு இன்னும் நிற்கிறது.

அன்றைக்கே முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். வீட்டைப் பார்க்கப் போனது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஏனென்றால் அது அருங்காட்சியகம் கிடையாது, டிக்கெட் கவுண்டரும் கிடையாது. தனியார் சொத்து. முன்கூட்டியே சொல்லி, அனுமதி வாங்கி, அவர்களுக்குத் தோதான நேரத்தில் போக வேண்டும். சார் தனக்குத் தெரிந்தவர் மூலம் பேசி, "அரை மணி நேரம், போட்டோ வேண்டாம், சத்தம் வேண்டாம்" என்ற நிபந்தனையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தந்தார்.

கடற்கரைப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போகலாம் என்றார். காரணம் இருந்தது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்களைக் காட்டி, "இது செஞ்சியிலேர்ந்து வந்தது, தெரியுமா?" என்று ஆரம்பித்து, பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது நிறுத்தினார். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர்கள், மேற்கே தமிழர்கள். அப்போது வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பெயர். இன்றைக்கு இரண்டு எட்டில் தாண்டிவிடலாம், வாயை மூடிக்கொண்டு, மூக்கையும் மூடிக்கொண்டு.

வாய்க்காலைத் தாண்டினால் ஊர் மாறிவிடுகிறது. கிழக்கே வீட்டுக்கு வெளியே உயரமான மதில், உள்ளே தோட்டம், கதவைச் சாத்தினால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. மேற்கே பழைய தமிழ் வீடுகள் தெருவைப் பார்த்துத் திண்ணை போட்டு, அதற்கு மேல் தெருவோரமாகத் தாழ்வாரம் இறக்கி, போகிறவர் வருகிறவர் உட்காரவே கட்டியவை. வெயிலில் வந்தவனுக்கு நிழல் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை என்று நினைத்த காலம். அப்படி வரிசையாகத் தாழ்வாரம் உள்ள வீதிகள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. வைசியாள் வீதியில் கொஞ்சம் மீட்டெடுத்திருக்கிறார்கள், அதற்கு 2008-ல் யுனெஸ்கோ பாராட்டும் கிடைத்தது. மற்ற இடங்களில் திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர்.

நேரு வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தை நெரிசலில் இருந்தது. அதன் பழைய பெயர் துய்ப்ளெக்ஸ் வீதி. கவர்னர் பெயர் போய்விட்டது, இந்தப் பக்கம் இணையாக ஓடுகிற ரங்கப்பிள்ளை வீதி அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய மார்க்கெட். இதைச் சொல்லிவிட்டு சார் தானே கட்டிய வீட்டைக் காட்டுகிற ஆள் மாதிரி ஒரு பெருமிதத்தோடு என்னைப் பார்த்தார்.

மார்க்கெட்டுக்குள் புகுந்து வந்தோம். மீன், மல்லிகை, கருவாடு, நனைந்த சாக்கு, எல்லாம் ஒரே மூச்சில். பாரம்பரிய வீடு என்றால் அமைதியான வீதி, கல் பாவிய பாதை, மரநிழல் என்றெல்லாம் என் மண்டையில் ஒரு படம் இருந்தது. இங்கே லோடு ஆட்டோ பின்னால் வருகிறது, ஒருவர் தலையில் கூடையோடு "ஓரம், ஓரம்" என்கிறார். யோசித்தால் வியாபாரி வீடு வேறெங்கே இருக்கும்? சரக்கு நடமாடுகிற இடத்தில்தானே.

ஆள் யார் என்று நாலு வரி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை. மாமா முறையான நைனியா பிள்ளை பாண்டிச்சேரியில் கும்பினிக்கு, அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்திய வணிகக் கம்பெனிக்கு, தலைமைத் துபாஷியாக இருந்தார், அவர் கூப்பிட்டுத்தான் குடும்பம் இங்கே வந்தது. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர், மொழிபெயர்ப்பாளர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். அது பாதிதான். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது, யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று பார்ப்பது, நவாப் வீட்டிலிருந்து ஆள் வந்தால் என்ன மரியாதை, என்ன நஜர் (காணிக்கை) என்று முடிவு செய்வது, ஊர்ச் சண்டையைத் தீர்ப்பது, நடுவில் தன் தரகையும் எடுத்துக்கொள்வது, இத்தனையும் அந்த ஒரு வேலைக்குள் அடக்கம். பிள்ளை அதோடு சொந்த வியாபாரமும் செய்தார். 'ஆனந்தப் புரவி' என்று அவருக்கு ஒரு கப்பலே இருந்தது.

ஆனால் மாமா கதை என்ன ஆயிற்று? கவர்னரோடு ஒத்துப்போகாமல், குற்றம் சாட்டி, சிறையில் போட்டு, அங்கேயே 1717-ல் இறந்துபோனார் நைனியா பிள்ளை. அவருடைய மகன் குருவ பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போய் முறையிட்டு, கிறிஸ்தவராக மாறி, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் இது என்ன பயணம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த வீட்டைக் கட்டிய மனிதர் சிறுவனாக இருந்தபோது இத்தனையும் அவர் கண் முன்னால் நடந்தது. கவர்னர் துரை சிரித்தால் பல்லக்கு, முகம் சுளித்தால் சிறை என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமாக இருந்திருக்காது. நாட்குறிப்பைப் படிக்கும்போது எனக்கு இது திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். இன்று துரை என்னிடம் எப்படிப் பேசினார், யார் யார் முன்னால் பேசினார், சிரித்தாரா, கோபமாக இருந்தாரா என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் படித்தபோது தற்பெருமை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கவனிக்கிற விவசாயி மாதிரி துரையின் முகத்தைக் கவனித்திருக்கிறார்.

சரி, வீடு.

வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றம்தான். இதுவா என்று கேட்கத் தோன்றும். வீதியில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்குப் பலகைகள், கம்பிகள், வண்டிகள். சார் கைகாட்டியதால் நின்றேன், இல்லையென்றால் நேராகப் போயிருப்பேன். இதற்கு முன்னால் எத்தனை தடவை அப்படிப் போயிருக்கிறேனோ.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீதியின் சத்தம் சட்டென்று குறைந்தது. பழைய வீடுகளின் கனத்த சுவர் செய்கிற வேலை அது, வெயிலையும் சத்தத்தையும் ஒரே மாதிரி தடுத்துவிடும். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் முற்றம் தெரிந்தது, முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள்.

அந்தத் தூண்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, சொல்ல வார்த்தை போதவில்லை. கீழ்த்தளம் முழுக்க நம் ஊர் வீடு. செதுக்கின மரத்தூண், முற்றம், சுற்றி நடக்க இடம், மேலே இருந்து விழுகிற ஒரு துண்டு வெளிச்சம். என் பாட்டி வீட்டை நூறு மடங்கு பணத்தோடு கட்டியிருந்தால் இப்படி இருந்திருக்கும். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மரம் குளிர்ச்சியாக இருந்தது, முதுகு சாய்கிற உயரத்தில் வழவழப்பு அதிகம். எத்தனை முதுகுகள்.

மாடிக்குப் போனால் ஆளே மாறிவிடுகிறார். மரம் போய்விட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி வெள்ளை பூசிய உருண்டைத் தூண்கள், ஐரோப்பியர் வைக்கிற மாதிரி, திறந்த மாடியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கீழே நின்றவரைக்கும் நான் ஒரு தமிழ் வியாபாரி வீட்டில் இருந்தேன், படியேறி வந்ததும் வாய்க்காலுக்குக் கிழக்கே போய்விட்டேன். பிற்காலத்தில் பாண்டிச்சேரி முழுக்க வந்த பாணி இது, கீழே திண்ணையும் மரத்தூணும், மேலே வளைவு ஜன்னலும் காரை வேலைப்பாடும். தமிழ் வீதிகளில் இன்றைக்கும் அப்படி வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் இவர் மூத்தவர்.

கீழே தமிழ், மேலே பிரெஞ்சு, இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரி துபாஷி என்று ஒரு வசனம் எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. சாரிடம் சொன்னேன். "நல்லா இருக்கு, ஆனா போஸ்டர் மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். பணக்காரர் எவரும் ஊரில் எது பெரிய இடத்து மோஸ்தரோ அதைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பார். செட்டிநாட்டில் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்தது போலத்தான். பிள்ளை இதற்காகப் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடவில்லை. வாழ்ந்தவரைக்கும் வைணவர், ஜாதகம் பார்ப்பவர், மதம் மாறு என்று யாராவது ஜாடை காட்டினால் நழுவத் தெரிந்தவர்.

இந்த வீட்டைப் போல வயசான வீடுகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் போய்விட்டது, கதவும் தூணும்தான் மிச்சம். இங்கே அப்படி இல்லை. 1736 செப்டம்பர் 6 அன்று எழுதத் தொடங்கி 1761 வரை, இடையில் சில பகுதிகள் கிடைக்காமல் போனாலும், இருபத்தைந்து வருஷ வாழ்க்கை எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் அச்சுப் போடச் சொல்லவில்லை, அவரும் அதற்காக எழுதவில்லை. கணக்குப் பேரேடு எழுதுகிற வியாபாரியின் பழக்கம், அதில் ஊர்க்கதையும் சேர்ந்துகொண்டது. அவர் இறந்து 85 வருஷம் கழித்து 1846-ல் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவர் குடும்பத்தார் வீட்டில் அதைக் கண்டு பிரதி எடுக்க வைத்தார். அப்புறம் ஆரியேல் என்பவர் எடுப்பித்த இன்னொரு பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. சென்னை அரசாங்கம் 1904-லிருந்து 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழ்ப் பதிப்பு அச்சாகத் தொடங்கியது 1948-ல்தான். அவர் எழுதிய மொழியில் நாம் கடைசியாகத்தான் படித்தோம்.

அந்தத் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தத் தமிழ்க்காரர்களுக்கு மயக்கம் வந்துவிடும். கும்பினி, குவர்னர், மதாம், நஜர், எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து, மூச்சு விடாமல் ஓடும். அன்றைய துறைமுக ஊரில் ஒரு படித்த வியாபாரி எப்படிப் பேசியிருப்பார் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் நம்மால் போக முடியாது. 'முதல் தமிழ் பிளாக்கர்' என்று இவரைப் பற்றி அங்கங்கே எழுதுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். நாம் எழுதுவது ஊர் படிக்க. அவர் எழுதியதில் பாதி, அன்று யாராவது படித்திருந்தால் அவருடைய வேலையே போயிருக்கும்.

முக்கியமாக மதாம் விஷயம். துய்ப்ளெக்ஸின் மனைவி ழான், பாண்டிச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார். பிள்ளைக்கு அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது. லஞ்சம் வாங்குகிறாள், ஆள் வைத்து வேவு பார்க்கிறாள், துரையின் காதில் ஓதுகிறாள் என்று நாட்குறிப்பு முழுக்கப் புலம்பல். அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் மாடித் தூண் நிழலில் உட்கார்ந்து சார் ஒன்று சொன்னார், அது எனக்கு முன்னால் தோன்றவே இல்லை: "ரெண்டு பாஷை தெரியும்கிறதுதான் இவர் பொழப்பு. துரையோட பொண்டாட்டிக்கே தமிழ் தெரிஞ்சா துபாஷி எதுக்கு?" அதன் பிறகு அந்தப் புலம்பல்களை வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது. 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்தபோது, பதவி உடனே பிள்ளைக்கு வந்துவிடவில்லை, வேறு ஆட்களை ஏற்ற முயற்சி நடந்தது, இழுபறிக்கு அப்புறம்தான் கிடைத்தது. அந்த இழுபறி மாதங்களைப் படித்தால் இன்றைய ஆபீஸ் அரசியல் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும்.

இன்னொரு இடம், அதைப் பற்றிப் பேசாமல் இந்த வீட்டைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். 1748 செப்டம்பர். பொஸ்காவன் தலைமையில் ஆங்கிலேயர்கள் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். அந்தக் குழப்பத்தில், சேசு சபைப் பாதிரிமாரின் தேவாலயத்தை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். பாதிரிமார்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, மதாமின் துணையோடு நடந்தது. இந்தப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடி வருகிறார்கள். அவர் அப்போது ஊரிலேயே பெரிய தமிழர், கவர்னரிடம் தினமும் பேசுகிறவர். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது செய்யவில்லை. இடித்தது, உடைத்தது, அவமதித்தது எல்லாவற்றையும் வேதனையோடு எழுதுகிறார், நம் ஆட்களிடம் ஒற்றுமை இல்லை என்று அவர்கள் மேலும் பழி போடுகிறார், மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். நான் இந்த இடத்தைப் படித்துவிட்டு அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்த முற்றத்தில் நின்றபோது அந்தக் கோபம் கொஞ்சம் அசௌகரியமாக இருந்தது. பெரியவர்கள் வந்து நின்ற இடம் இப்படி ஒன்றாகத்தானே இருந்திருக்கும். மாமாவைச் சிறையில் சாகக் கொடுத்த குடும்பம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்கிற பதில் எதையும் நம்பத் தயாராக இல்லை.

அதற்காக அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். சாதி விஷயத்தில் அவர் காலத்து மேல்தட்டு ஆள் எப்படி இருப்பாரோ அப்படியேதான் இருந்தார், யார் எங்கே உட்கார வேண்டும், யார் முன்னால் போக வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். அதை மறைக்காமல் எழுதி வைத்ததுதான் நமக்கு லாபம்.

1749-க்கு அப்புறம் உச்சம். தக்காணத்து நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் (மொகலாயர் முறைப்படி படைத்தலைவர் பதவி) என்று பட்டம் கொடுத்தார். பல்லக்கில் மேளதாளத்தோடு கவர்னர் மாளிகைக்குள் போகிற உரிமை, தங்கப் பூண் போட்ட பிரம்பு. 1754-ல் துய்ப்ளெக்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், பிள்ளையின் ராசியும் அவரோடு கப்பலேறியது. 1756-ல் பதவி போனது, உடம்பும் சரியில்லை. 1761 ஜனவரியில் ஊர் விழுந்த அதே நாட்களில் அவரும் போய்ச்சேர்ந்தார். இடிப்பதைப் பார்க்கவில்லை. துய்ப்ளெக்ஸ் 1763-ல் பாரிஸில் கடனாளியாகச் செத்தார், கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது.

மாடியில் நின்றபோது ஒரு சுவரில் காரை பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. பழைய செங்கல், நம் இப்போதைய செங்கல்லைவிட மெலிசு. இதைப் பார்த்தால் எனக்குப் பதற்றம் வரும், காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை வீடு மூச்சு விடுகிற வீடு. மழையில் ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். அதற்கு மேல் அவசரத்துக்குச் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல் உளுத்து, உத்திரத்தின் முனை சுவருக்குள் அழுகி, ஒருநாள் மட்டப்பா மொத்தமாக இறங்கும். இந்த ஊர் அதைப் பார்த்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் நின்ற மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றது, 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் சரிந்தது. அதைத் திரும்பவும் பழைய தோற்றத்திலேயே கட்டிவிட்டார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டடம் ஆகாது. பழைய வீட்டுக்குத் தேவை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு, அடைபடாத தண்ணீர்க் குழாய், மட்டப்பாவில் முளைக்கிற அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குகிற ஒரு ஆள். கேட்கச் சுலபமாக இருக்கும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் மிச்சம், அவர்களுக்குக் கூலி யார் கொடுப்பது என்று அப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். 'பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்' என்று வெளியூரிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போவது என் மாதிரி ஆட்களுக்கு ரொம்ப எளிது.

அரை மணி நேரம் நாற்பது நிமிஷமானது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது முற்றத்தில் வெளிச்சத் துண்டு நகர்ந்து வேறு தூணுக்குப் போயிருந்தது. போட்டோ எடுக்காதது நல்லதாகப் போயிற்று, கைப்பேசி பையிலேயே இருந்ததால் முற்றத்தில் சும்மா நின்றேன்.

வெளியே வந்ததும் மறுபடி லோடு ஆட்டோ, மறுபடி "ஓரம், ஓரம்". மார்க்கெட் வழியாகவே திரும்பினோம். எனக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. நாட்குறிப்பில் அவர் வீட்டைவிட அதிகமாகப் போகிற இடம் ஒன்று உண்டு, பாக்குக் கிடங்கு. காலையில் கோட்டைக்குப் போவார், அங்கிருந்து பாக்குக் கிடங்குக்கு வருவார், அங்கேதான் உட்கார்ந்திருப்பார், ஆட்கள் அங்கேதான் தேடி வருவார்கள், ஊர் ரகசியம் எல்லாம் அங்கேதான் அவிழும். வீடு நிற்கிறது, வீதிக்குப் பெயர் இருக்கிறது, அந்தக் கிடங்கு எங்கே சார் என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் ஒரு மளிகைக் கடை முன்னால் நின்று, "அம்பது ரூபாய்க்குப் பாக்கு குடுப்பா" என்றார்.

"கொட்டையா, சீவலா?" என்றார் கடைக்காரர்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. "கொட்டை" என்றேன்.